எஞ்சின் இல்லாத பத்மினி: பொள்ளாச்சியிலிருந்து கோவை பட்டறைக்கு எப்படிக் கொண்டுபோவது?

பொள்ளாச்சி_பத்மினி (கேள்வி)

வணக்கம்ங்க. 1986 மாடல் பிரீமியர் பத்மினி, ரெஸ்டோரேஷனில் பாதியில் நிற்குது. இப்போதைய நிலை:

எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் வெளியே. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போற தண்டு) மட்டும் கிரவுனோடு, அதாவது பின் ஆக்சில் நடுவில் இருக்கிற டிஃபரென்ஷியலோடு, மாட்டியபடி தொங்குது. மாஸ்டர் சிலிண்டர் கழற்றியாச்சு, அதனால் கால் பிரேக் இல்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்திருக்கு. ஸ்டீயரிங் வேலை செய்யுது, நாலு சக்கரமும் உருளுது, ட்யூப் பழசு. முன் கண்ணாடி இல்லை, பின் கண்ணாடி ரப்பரோடு இருக்கு. பானெட் கீலில் பாதி போல்ட்தான். ஆர்சி விற்றவர் பேரில், காலாவதி. இன்சூரன்ஸ் கிடையாது.

சுந்தராபுரம் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போகணும், நாற்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். தெரிந்தவர் பொலிரோவில் கயிறு கட்டி இழுத்துத் தர்றேங்கிறார். இன்னொருத்தர் முன்பக்கம் தூக்குற கிரேன் போதும்ங்கிறார். லாரியில் ஏற்றுனா செலவு அதிகம்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. சட்டப்படி எது சரி, வண்டிக்கு எது நல்லது?

ஆர்சி_புக்

சட்டத்தை முதலில் பார்த்துடுவோம். கட்டி இழுப்பதற்கு முழுத் தடை இல்லை. 1989 சாலை விதிமுறைகளின் 20-வது விதி, பழுதாகி நின்ற வண்டியையும் முழுசாகப் பூட்டி முடிக்காத வண்டியையும் இழுக்க அனுமதித்தது. உங்கள் பத்மினி அந்த இரண்டாவது வகை. ஆனால் 2017 வரை இருந்த அந்த விதியோடு வந்த நிபந்தனைகளைப் பாருங்க.

இழுபடுற வண்டியின் ஓட்டுநர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார்ந்திருக்கணும். இல்லைன்னா திரும்புற சக்கரங்கள் இரண்டும் கிரேன் மாதிரி ஏதாவதில் ரோட்டை விட்டு உறுதியாகத் தூக்கப்பட்டிருக்கணும். இரண்டு வண்டிக்கும் நடுவே இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவங்க கண்ணுக்குப் பளிச்சுனு தெரியணும். பின்னால் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில் எழுதி மாட்டணும். வேகம் 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதெல்லாம் அந்தப் பழைய விதியில் இருந்தது. 2017-ல் அந்த விதிமுறைகளுக்குப் பதிலாகப் புது ஓட்டுநர் விதிமுறைகள் வந்தாச்சு, கட்டி இழுப்பதற்கான கட்டுப்பாடு அதிலும் உண்டு. நோக்கமும் முக்கியம்: டெலிவரி, பக்கத்தில் இருக்கிற பட்டறை, பெட்ரோல் பங்க் என்று சின்ன வட்டத்துக்குள்தான் அந்தப் பழைய விதி பேசுச்சு. வழியில் நூறு பட்டறையைத் தாண்டி நீங்க தேர்ந்தெடுத்த பட்டறைக்குப் போறதை 'பக்கத்துப் பட்டறை'ன்னு ரோட்டில் நின்னு வாதாடுறது கஷ்டம்.

உங்களுக்குப் பெரிய சிக்கல் வேற. சக்கரம் ரோட்டில் உருண்டால் அது பொது இடத்தில் இருக்கிற மோட்டார் வாகனம். எஞ்சின் இல்லைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. 1988 சட்டத்தின் வரையறை பாடி கட்டாத சேஸிஸையே மோட்டார் வாகனத்தில் சேர்த்திருக்கு. அப்போ 39-ஆம் பிரிவின் பதிவும் 146-ஆம் பிரிவின் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் கேள்விக்கு வரும். பதிவு இல்லாததுக்கு முதல் தடவை 2,000-லிருந்து 5,000 ரூபாய் வரை, இன்சூரன்ஸ் இல்லாததுக்கு 2,000 ரூபாய் அல்லது மூணு மாசம் வரை சிறை. அபராதம் சின்ன விஷயம். இழுபடுற வண்டி யார் மேலாவது மோதினா நஷ்டஈடு முழுக்க உங்க தலையில் விழும்.

பொலிரோவின் பாலிசியையும் எடுத்துப் பாருங்க. வணிக வண்டிகளுக்கான பேக்கேஜ் பாலிசியில் பழுதான வண்டியை இழுப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கு, தனியார் கார் பாலிசின்னா அப்படி ஏதாவது இருக்கான்னு பார்க்கணும். அந்தப் பகுதிப்படி ஒரே ஒரு பழுதான வண்டியை இழுக்கும்போது பாலிசி செல்லும், ஆனா கூலிக்கு இழுத்தா செல்லாது, இழுபடுற வண்டிக்கு வர்ற சேதத்துக்கும் பணம் கிடையாது. நண்பருக்கு 'டீசலுக்கு'ன்னு கையில் ஏதாவது திணிச்சீங்கன்னா முதல் நிபந்தனையிலேயே இடிக்கும்.

முழு வண்டியும் லாரி மேல் ஏறிட்டா இந்தப் பேச்சே இல்லை. அது அப்போ சரக்கு. லாரியோட ஆர்சி, பெர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் சரியா இருந்தா போதும்.

நைட்_லோடு

இவ்வளவு யோசிக்கணுமா ப்ரோ? ராத்திரி பதினோரு மணிக்கு மேல ரோடு காலி. நல்ல நைலான் கயிறு, பின்னால ஒரு பைக்குல இண்டிகேட்டர் போட்டு ஒருத்தர். ஊர்ல பாதி வண்டி இப்படித்தான் பட்டறைக்குப் போகுது.

கிரவுன்_ஹவுசிங்

@நைட்_லோடு, பிரேக் இருக்கிற வண்டிக்கே அது சரியில்லை. இதில் பிரேக்கே இல்லை. கணக்கு பாருங்க: 24 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு ஆறரை மீட்டருக்கு மேல். கயிறு 5 மீட்டர். பொலிரோக்காரர் நாய்க்கு சடன் பிரேக் அடிச்சா ஒன்றரை நொடிக்குள் பத்மினி அவர் பம்பரில் இருக்கும். எஞ்சின் இறக்கின பிறகும் அறுநூறு எழுநூறு கிலோ இரும்பு அது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு முன் கண்ணாடியும் கிடையாது. நைலான் கயிறு இழுபட்டு நீண்டு சுருங்கும், அதனால் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த வெட்டு எங்கே விழும்? துரு தின்ன முன் மெம்பரில். பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். ஹூக் பிய்ந்தா தகரத்தோடு பிய்ந்து வரும்.

ராத்திரி ரோடு காலியாத்தான் இருக்கும், ஆனா வர்ற லாரியும் பஸ்ஸும் எண்பதில் வரும். லைட் இல்லாத ஒரு கூடு நாலுவழிச் சாலையில் 24-ல் ஊர்ந்தா, பின்னால் வர்றவனுக்கு அது நிக்கிற வண்டிதான். பைக்காரர் முதலில் அடிபடுவார்.

பிரேக் இல்லாத வண்டிக்குக் கயிறு கூடவே கூடாது. அவசரத்துக்கு, பட்டறை வாசலிலிருந்து எதிர்ப் பட்டறைக்குன்னா இரும்பு டோ பார் (இரண்டு வண்டியையும் இணைக்கிற கம்பி). அதுவும் இரண்டு பக்கமும் பின் போட்டு, காட்டர் பின் மாட்டி.

முன்பக்கம் தூக்குற கிரேனைப் பத்திக் கேட்டிருந்தீங்க. பின் சக்கரம் உருளும், எனவே ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை முதலில் கழற்றணும். முன் நுனியில் பிடிக்க கியர்பாக்ஸ் இல்லாததால் அது கீழே தொங்கி ரோட்டில் குத்தினா ஈட்டி மாதிரி ஊன்றி வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிடும். கிரவுன் பக்கத்து நாலு போல்ட்டைக் கழற்றுமுன் ஃபிளாஞ்சில் பஞ்ச் அடையாளம் வையுங்க, அதே நிலையில் மாட்டலைன்னா பிறகு வைப்ரேஷன் வரும். கியர்பாக்ஸ் வண்டியில் இருந்தாலும் நீண்ட தூரத்துக்கு ஷாஃப்ட்டைக் கழற்றுறதுதான் சரி. நியூட்ரலில் இழுக்கும்போது அவுட்புட் ஷாஃப்ட் மட்டும் சுத்தும், ஆயிலை வாரி அடிக்கிற கீழ் ஷாஃப்ட் சுத்தாது, பேரிங் காய்ஞ்சு போகும். பின் வீல் பேரிங்கில் கிரீஸ், கிரவுனில் ஆயில், டிரம் ஒட்டாம சுத்துதான்னு பார்க்கணும். இவ்வளவும் செஞ்ச பிறகும் பின் இரண்டு சக்கரம் ரோட்டில்தான். ஆர்சி_புக் சொன்ன பதிவு, இன்சூரன்ஸ் சிக்கல் அப்படியே நிற்கும்.

என் முடிவு: படுக்கை சாயுற ஸ்லைடிங் பெட் ரெக்கவரி வண்டி. அது கிடைக்கலைன்னா 14 அடி லாரி. டாட்டா ஏஸ், பொலிரோ பிக்கப் எல்லாம் நீளம் பத்தாது. பத்மினி 3.93 மீட்டர், 14 அடின்னா 4.27 மீட்டர், உள்ளே அடங்கும். இதைப் படிக்கிற அம்பாசடர்காரங்க கவனிங்க: 4.3 மீட்டருக்கு மேல் இருக்கும், 14 அடியில் பின் கதவு மூடாது. சரக்கு பாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தா 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம் இருக்கு. லாரி வாடகை மிச்சம் பிடிக்கப் போய் அங்கே கட்டாதீங்க.

டிங்கர்_செட்

லாரியில் ஏற்றினாலே பத்திரம்னு நினைக்காதீங்க. முடிக்காத வண்டி கெடுறது பெரும்பாலும் ஏற்றும்போதும் கட்டும்போதும்தான்.

ஏற்றுறது. லாரி தளம் ஒரு மீட்டர் உயரம், பலகை மூணு மீட்டர்னு வையுங்க. 700 கிலோ கூட்டை மேலே இழுக்க கிட்டத்தட்ட 230 கிலோ விசை வேணும், உராய்வு தனி. நாலு பேர் தள்ளி ஏத்திடலாம்னு தோணும்; நடுவில் ஒருத்தர் செருப்பு வழுக்கினா பிரேக் இல்லாத வண்டி மத்தவங்க மேல் இறங்கும். வின்ச் (கம்பியைச் சுத்தி இழுக்கிற கருவி) அல்லது செயின் பிளாக் கட்டாயம். வண்டி ஏறஏற இரண்டு ஆள் பக்கவாட்டில் நின்னு பின் சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கிட்டே வரணும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. வின்ச் கம்பி போற நேர்கோட்டிலும் ஆள் நிற்கக் கூடாது, அறுந்தா சாட்டை மாதிரி வரும்.

வின்ச் ஹூக்கை பம்பரிலோ பம்பர் பிராக்கெட்டிலோ டை ராடிலோ மாட்டாதீங்க. இரண்டு முனை உள்ள பெல்ட்டை இரண்டு பக்கத்து கீழ் ஆர்மிலும் போட்டு, நடுவில் வின்ச்சை மாட்டுங்க. ஒரே பக்கத்தில் மாட்டினா வண்டி கோணலா ஏறி பலகையிலிருந்து சக்கரம் இறங்கும். எஞ்சின் பாரம் இல்லாததால் முன் ஸ்பிரிங் நீண்டு, வீல் அலைன்மென்ட் மாறியிருக்கும். தானா ஒரு பக்கம் ஓடும். ஸ்டீயரிங்கில் ஒருத்தர் வெளியிலிருந்தே கை வைத்துத் திருத்தணும், உள்ளே உட்காரக் கூடாது.

ஹைட்ரா கிரேனில் தூக்கி வைக்கலாம்னு யாராவது சொன்னா, பெல்ட் எங்கே போடுறாங்கன்னு கேளுங்க. இரண்டு பெல்ட்டைப் பாடிக்கு அடியில் விட்டு மேலே ஒரே ஹூக்கில் மாட்டினா, பெல்ட் உள்பக்கமா நெருக்கி ரன்னிங் போர்டையும் கூரை ஓரத்தையும் நசுக்கும். அகலமான இரும்புச் சட்டம் மேலே வைத்து, பெல்ட் செங்குத்தா இறங்கணும். சட்டம் இல்லைன்னா வேண்டாம். துரு பிடிச்ச பாடியில் கதவு இடைவெளி ஒரு தடவை மாறிட்டா அதைத் திருப்பிக் கொண்டுவர்ற கூலி லாரி வாடகையை விட அதிகம்.

கட்டுறது. 50 மில்லிமீட்டர் அகல ராட்செட் பெல்ட், சக்கரத்துக்கு ஒண்ணு, மொத்தம் நாலு. ரெக்கவரி வண்டியில் பெரும்பாலும் இரண்டு சங்கிலியும் ஒரு வின்ச்சும்தான் இருக்கும், போனில் பேசும்போதே நாலு வீல் பெல்ட் இருக்கான்னு கேட்டுடுங்க. வின்ச் கம்பியையே கட்டா நம்பி ஓட்டுறவங்க உண்டு. அது இழுக்கிறதுக்கு, பிடிச்சு வைக்கிறதுக்கு இல்லை.

சக்கரத்தை அல்லது ஆக்சிலைக் கட்டணும், பாடியைக் கட்டக் கூடாது. பாடியைக் கட்டினா குழியில் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தொய்யும், ஹூக் கழன்று விழும். எஞ்சின் இல்லாத முன்பக்கம் இன்னும் அதிகமா துள்ளும். பின் ஆக்சில் குழாயில் பெல்ட் போடும்போது அதன் மேல் ஓடுற பிரேக் பைப்பைப் பாருங்க, பெல்ட் அடியில் அது நசுங்கினா பிரேக் மாட்டுற அன்னிக்கு ஒரு பக்கம் பிடிக்காது, காரணம் தேடியே ஒரு நாள் போகும். பின் பெல்ட் இரண்டையும் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி போட்டா பக்கவாட்டு நகர்வு நிக்கும். இரும்புத் தளம் ஈரமா இருந்தா டயருக்கு அடியில் ரப்பர் ஷீட்.

உங்க ட்யூப் பழசுன்னு சொன்னீங்களே, அது முக்கியம். வழியில் ஒரு டயர் காத்து இறங்கினா அந்தச் சக்கரத்து பெல்ட் மொத்தமும் தொளதொளன்னு ஆகிடும். ஏத்துறதுக்கு முந்தின நாளே காத்து அடிச்சு வைச்சுப் பாருங்க, இறங்குதுன்னா வேற சக்கரம் இரவல் வாங்கி மாட்டுங்க. கிளம்பி அஞ்சாறு கிலோமீட்டரில் ஒரு தடவை, கிணத்துக்கடவு தாண்டி ஒரு தடவை நிறுத்தி நாலு ராட்செட்டையும் இறுக்கணும். முதல் தடவை கண்டிப்பா தொய்ந்திருக்கும்.

காத்து. வண்டியை முகம் முன்னோக்கி ஏத்தினா பானெட் தூக்கும். முகம் பின்னோக்கி ஏத்தினா கதவும் டிக்கியும் தூக்கும், ஏன்னா இரண்டுக்கும் கீல் முன்பக்கம். உங்க பானெட் கீல் அரைகுறைன்னா அதைக் கழற்றி, போர்வை சுத்தித் தனியா அனுப்புங்க. முன் கண்ணாடி இல்லாம முகம் முன்னோக்கிப் போனா காத்து உள்ளே புகுந்து பின் கண்ணாடியை ரப்பரோடு வெளியே தள்ளும். பின் கண்ணாடியையும் கழற்றிடுங்க, இல்லைன்னா முன் கண்ணாடி இடத்தைத் தார்ப்பாயும் டேப்பும் போட்டு உள்பக்கமா மூடுங்க. வெளிப்பக்கம் ஒட்டினா கிழிஞ்சு பறந்து பின்னால் வர்ற பைக்காரர் மூஞ்சியில் விழும்.

பெட்ரோல் டேங்கை வடிச்சிடுங்க, பேட்டரி இருந்தா இறக்கிடுங்க. சீட்டுக்கு அடியில் டிரம், நட்டு டப்பா எதுவும் உருள விடாதீங்க.

பொள்ளாச்சி_பத்மினி

ரொம்ப நன்றிங்க. ஸ்லைடிங் பெட் வண்டியே பேசிடறேன். இரண்டு சந்தேகம். வழியில் போலீஸ் நிறுத்தினா என்ன காட்டணும்? ஆர்சி இன்னும் பழைய ஓனர் பேரில்தான். அப்புறம் வீட்டுச் சந்துக்குள்ள பெரிய வண்டி வராது, மெயின் ரோடு வரைக்கும் நூறு மீட்டர் தள்ளித்தான் கொண்டுபோகணும், லேசா இறக்கம்.

ஆர்சி_புக்

சரக்கா போற காருக்கு இன்சூரன்ஸ் கேட்க மாட்டாங்க, 'இது உன் வண்டிதானா'ன்னுதான் கேட்பாங்க. பழைய ஆர்சி அசல், விற்றவர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்கள் (பெயர் மாற்றத்துக்கானவை), அவரோட அடையாள அட்டை நகல், விற்பனைக் கடிதம், பட்டறை கொடுத்த எஸ்டிமேட். இதெல்லாம் ஒரு கவரில் போட்டு டிரைவர்கிட்ட கொடுங்க, நீங்களும் கூடப் போங்க. சேஸிஸ் நம்பர் அடிச்ச இடத்தைத் துணியால் துடைச்சு, ஆர்சியோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்து வையுங்க. பட்டறையில் இறக்கினதும் டிங்கருக்கு முதல் வேலையா அந்த இடத்தைக் காட்டி, அங்கே கிரைண்டர் வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. நம்பர் அழிஞ்சா ஆர்சி புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க முடியாது.

வண்டி ஏறுமுன் நாலு பக்கமும், கீழேயும் போட்டோ. லாரியின் இன்சூரன்ஸ் உங்க காருக்கு வர்ற சேதத்தைத் தரும்னு நம்பாதீங்க, வேணும்னா டிரான்சிட் இன்சூரன்ஸ் தனியா எடுக்கணும்.

வேலை முடிஞ்சு ஆர்டிஓ ஆபீஸுக்கு இன்ஸ்பெக்ஷன் கொண்டுபோறதும் இதே மாதிரிதான். எஞ்சின் ஓடுதுன்னு ஓட்டிக்கிட்டுப் போயிடாதீங்க, பதிவு புதுப்பிக்கிற வரைக்கும் அது சரக்குதான்.

டிங்கர்_செட்

சந்து விஷயம்: இறக்கத்தில் தள்ளவே கூடாது, பிடிச்சு இறக்கணும். பின்பக்கம் ஆக்சிலில் ஒரு கயிறு கட்டி, மேலே இருக்கிற மரத்திலோ கல்தூணிலோ இரண்டு சுத்து சுத்தி, ஒருத்தர் கொஞ்சம் கொஞ்சமா விடணும். வெறும் கையில் இழுத்துப் பிடிக்கிறது எழுநூறு கிலோவுக்கு நடக்காது. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் முட்டுக் கொடுக்க முக்கோணக் கட்டையோடு பக்கத்துக்கு ஒருத்தர், பக்கவாட்டில் நிற்கணும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிள் சின்ன விலைதான், இதுக்காகவே மாட்டிட்டீங்கன்னா பாதி தலைவலி போச்சு. பின் ஷூ வேலை செய்யுதான்னு ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுத்திப் பாருங்க.

மெயின் ரோட்டில் ஏத்துற இடம் தட்டையா இருக்கணும். படுக்கை பின்னால் சறுக்கி இறங்கும், அதனால் லாரி நீளம் மாதிரி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் வேணும். சாயும்போது முன் நுனி மேலே எழும்பும். தலைக்கு மேல் கேபிள் டிவி ஒயர், மின்கம்பி பார்த்து நிறுத்தச் சொல்லுங்க. பட்டறையில் இறக்கும்போதும் அதேதான், அங்கே பெரும்பாலும் தகர ஷெட் குறுக்கே இருக்கும். வின்ச் கம்பியை டைட் பண்ணி பாரம் அதில் ஏறின பிறகுதான் முதல் ராட்செட்டைத் திறக்கணும்.